பிரிட்டிஷ் பள்ளித் தொடர்களில் நிறம், வர்க்கம், பாலீர்ப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனில் பள்ளிக்கூடத்தைக் களமாக வைத்த தொலைக்காட்சித் தொடர் எதைப் பார்த்தாலும், மாணவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பதை முதலில் கவனியுங்கள். அங்கே பெரும்பாலான பள்ளிகளில் சீருடை உண்டு. அதை வாங்கப் பணம் வேண்டும்.

பி.பி.சி. 1978 பிப்ரவரியில் தொடங்கிய 'கிரேஞ்ச் ஹில்' தொடரில் பென்னி கிரீன் என்றொரு கறுப்பினச் சிறுவன். பந்தாட்டத்தில் கெட்டிக்காரன், முழுச் சீருடை வாங்க வீட்டில் வசதி இல்லை. பள்ளி கேட்பது சீருடையை, சக மாணவன் ஏளனம் செய்வது நிறத்தை. இரண்டும் ஒரே பையன் தலையில் விழுகின்றன. குழந்தைகள் நிகழ்ச்சி என்ற பெயரில் வந்த தொடர் இது!

2019-இல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த 'செக்ஸ் எஜுகேஷன்' தொடரின் முதல் இரண்டு சீசன்களில் சீருடையே கிடையாது. பல நிறங்களில் ஆடை, அமெரிக்கப் பாணியில் நடைவழி லாக்கர்கள். பார்க்க அழகு. ஆனால் உடையில் தெரிவது சுபாவம்தான், விலை அல்ல. இந்தக் குறையை ஈடுகட்டுவது மேவ் என்ற பெண்ணின் பாத்திரம். கேரவன் எனப்படும் மலிவான வண்டி வீடுகளின் குடியிருப்பில் தனியாக வசிக்கிறாள், காசுக்காகப் பிறருக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கிறாள். மாணவர்களிடம் கட்டணம் வாங்கிப் பாலியல் ஆலோசனை சொல்லலாம் என்ற யோசனை அவளிடமிருந்து வருவதில் வியப்பில்லை. வாடகை பாக்கி அவளுக்குத்தான். அந்த ஆலோசனையைச் சொல்லும் கதாநாயகன் ஓட்டிஸ் வசதியான பெரிய வீட்டில் வாழ்கிறான்; அவனுக்கு அது தோன்றியிருக்காது.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு தாளில் இந்தத் தொடரின் மாணவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். யார் வீட்டுக்குள் கேமரா போகிறதோ, அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. ஒரு சீசனின் எட்டு அத்தியாயம் முடிந்தும் கோடே விழாத பெயர்கள் சில மிஞ்சும். காரணம் இருக்கிறது. பாத்திரத்தின் நிறத்தைக் குறிப்பிடாமல் எழுதிவிட்டு, நடிகர் தேர்வின்போது பல நிறத்தவரைச் சேர்க்கும் முறை உண்டு. நடிகர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது, நல்லதுதான். எழுத்தைத் திரும்பத் தொடாமல் விட்டால், முகம் மட்டும் மாறும். அந்தப் பிள்ளைக்குப் பாட்டி இல்லை, வழிபாடு இல்லை, வீட்டுமொழி இல்லை.

ஓட்டிஸின் நண்பன் எரிக், ஆண்களை விரும்பும் கறுப்பினப் பையன், அப்படி எழுதப்பட்டவன் அல்ல. மேற்கு ஆப்பிரிக்க வேர் கொண்ட குடும்பம், தேவாலயம், மகன் ஒப்பனையோடு வெளியே போனால் என்ன ஆகுமோ என்று நடுங்கும் அப்பா. அந்த நடுக்கத்தில் நிறமும் பாலீர்ப்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. ஆனால் அவனைத் துன்புறுத்திய வெள்ளைக்காரப் பையன் ஆடமையே பிறகு அவன் காதலனாக்கியது எனக்கு உடன்பாடில்லை. அடுத்த சீசனுக்கு வில்லன் திருந்தியாக வேண்டும் என்பது திரைக்கதையின் தேவை. அதற்கு விலை கொடுப்பவன் அடிபட்ட கறுப்பினப் பையன்.

சேனல் 4-இன் 'ஆக்லி பிரிட்ஜ்' 2017-இல் வந்தது, வட இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் படமாக்கப்பட்டது. வெள்ளையரும் பாகிஸ்தான் வம்சாவளியினரும் தனித்தனியாகப் படித்த இரு பள்ளிகளை இணைப்பதுதான் கதை. 2001-இல் ஓல்ட்ஹாம், பர்ன்லி, பிராட்ஃபோர்ட் நகரங்களில் இனக்கலவரம் நடந்தபின், இரு சமூகங்களும் ஒட்டாமல் வாழ்வது பெரிய விவாதமானது. ஓல்ட்ஹாமில் நிஜமாகவே இத்தகைய இணைப்பு நடந்தது. தொடரில் பாகிஸ்தான் வம்சாவளிப் பெண் நாஸ்ரீனும் மிஸ்ஸியும் அடுத்தடுத்த வீட்டுத் தோழிகள். மிஸ்ஸி வெள்ளையர், ஏழை, பாட்டியையும் தங்கையையும் கவனித்துக்கொள்பவள். அவளை மூன்றாவது சீசனில் விபத்தில் சாகடித்தது பெரிய இழப்பு. வெள்ளையரின் வறுமையைச் சுமந்து வந்த முக்கியப் பாத்திரம் அவள்தான்.

நாஸ்ரீனுக்குப் பெண்கள்மேல் ஈர்ப்பு. இதை வெறும் 'மதம் எதிர் காதல்' என்று சுருக்காமல் காப்பாற்றுவது ஒரு சின்ன ஏற்பாடு: அவள் அம்மா கனீஸுக்கு அதே பள்ளியின் சமையலறையில் வேலை. பள்ளியில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம் என்று மகள் வாழ வழியில்லை. தட்டில் சோறு வைப்பவரிடமிருந்தே ரகசியத்தைக் காக்க வேண்டியிருக்கிறது.