சட்டிச் சோறு

அவையோர் அனைவருக்கும் வணக்கம். ‘வீட்டுச் சாப்பாடும் நினைவுகளும்’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர் பிரியாணியில் ஆரம்பித்துப் பாயசத்தில் கொண்டுவந்து முடித்துவிட்டார். மணி எட்டைத் தாண்டிவிட்டது, உங்கள் முகத்திலேயே பசி தெரிகிறது. நான் ஒரே ஒரு குழம்புச் சட்டியைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். பிறந்தது 1960-இல். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், அதுவும் சாயங்காலம். காலையிலும் மத்தியானமும் முந்தின ராத்திரி உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்த கம்பஞ்சோறு. அதைக் கரைத்து மோர் விட்டுக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே சுடச்சுடச் சாப்பிடுவது என்றால் அது ராத்திரிச் சாப்பாடுதான்.

நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உண்டு. இட்லி தீபாவளிக்கு மட்டும். 1967 தேர்தலில் தி.மு.க.காரர்கள் ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று ஊர் ஊராக முழங்கினார்கள். ஜெயித்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். எங்கள் ஊருக்கு முழக்கம் வந்து சேர்ந்தது, படி வரவில்லை. இப்போது, 2011 முதல், ரேஷனில் அரிசிக்குக் காசே கிடையாது. கம்பு என்னவோ சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கிறது. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்ததே, அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் அம்மாவின் உள்ளங்கைக் காய்ப்புதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஏனென்றால் கம்பு லேசில் சோறாகாது. தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் போட்டுக் குத்தி, சுளகில் உமியைப் புடைத்துத் தள்ள வேண்டும். மறுபடி இடித்துச் சலித்தால் மாவு தனி, குருணை தனி. உலை கொதித்ததும் முதலில் குருணையைப் போட்டு, அது வெந்த பிறகு மாவைக் கரைத்து ஊற்றித் துடுப்பால் கிண்ட வேண்டும். கை நின்றால் அடிப்பிடித்துவிடும். விறகோ பருத்திமார், காய்ந்த பருத்திச் செடிக் குச்சி. படபடவென்று எரிந்து, திரும்பிப் பார்ப்பதற்குள் சாம்பலாகிவிடும். அதனால் அடுப்புத் தள்ளிவிட ஓர் ஆள் பக்கத்திலேயே வேண்டும். அந்த ஆள் நான்தான். கடைசிப் பையன், வேறு வேலைக்கு லாயக்கில்லை!

வேம்பார்க் கடற்கரையிலிருந்து கூடை சுமந்து வருகிறவர்களிடம் ஒரு படி கம்பைக் கொடுத்து அம்மா சாளைக் கருவாடு வாங்குவாள். அன்றைக்கு ராத்திரி கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு. அந்த வாசனைக்குத் தெருநாய் நாலு வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். சிம்னி விளக்கைச் சுற்றி உட்காருவோம். தட்டில் களி மாதிரி விழும் கம்பஞ்சோற்றின் நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றுவாள். நடுவில் கை வைத்தால் வெந்துவிடும். ஓரத்திலிருந்து வழித்துத் தொட்டு முழுங்க வேண்டும். மெல்லுகிறவன் எங்கள் ஊர்க்காரன் இல்லை. அய்யாவுக்கு ரெண்டு துண்டு, அண்ணன், அக்கா, எனக்குத் தலைக்கு ஒன்று.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்தச் சாப்பாடு இல்லை. அதற்குப் பிறகு வருவது. குழம்பெல்லாம் தீர்ந்த மண்சட்டியில் அடியில் எண்ணெயும் மசாலும் சுண்டி ஒட்டிக்கொண்டிருக்கும். உதிர்ந்த கருவாட்டுத் தூள் நாலு, குழைந்த கத்தரித்தோல் ஒன்றிரண்டு. அதில் ஓர் உருண்டை சோற்றைப் போட்டு அம்மா சட்டியைச் சுற்றித் துடைத்துப் பிசைவாள். நான் என் தட்டைக் காலி செய்துவிட்டு, எழுந்திருக்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவளும் உருட்டி என் கையில் வைப்பாள். ஒன்று, ரெண்டு, மூன்று. சட்டி சுத்தமாகிவிடும். அப்புறம் அவள் மிச்சச் சோற்றில் தண்ணீர் விட்டுக் கரைத்து, உப்புப் போட்டு, ஒரு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவாள். அம்மாவுக்கு வெங்காயம் என்றால் உயிர் என்றே ரொம்ப காலம் நினைத்திருந்தேன்.

வேலை கிடைத்து, கல்யாணமாகி, மதுரையில் குடியேறிய பிறகு ஒரு தடவை அக்கா வந்திருந்தாள். சாப்பிடும்போது பழைய கதை. “என்னதான் சமைத்தாலும் அந்தச் சட்டிச் சோற்று ருசி வரவே இல்லையே அக்கா” என்றேன். அவள் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. “டேய் தம்பி, அது அவளோட சோறுடா. நமக்கெல்லாம் துண்டைப் போட்டுட்டு அவளுக்குன்னு அந்தச் சட்டியைத்தான் வச்சிருப்பா. நீ அதையும் வாங்கித் தின்னுட்டு எந்திரிப்ப” என்றாள்.

என் மனைவி குனிந்து சிரித்தாள். எனக்கு அன்றைக்கு அதற்கு மேல் இறங்கவில்லை.

அடுத்த மாதம் ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு அப்போது எழுபதுக்கு மேல், பார்வை மங்கியிருந்தது. சாளைக் கருவாடு வாங்கி, மண்சட்டி தேடிப் பிடித்து, குழம்பை நானே வைத்தேன். நன்றாக வந்தது என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் சாப்பிட்டதும் சட்டியில் சோற்றைப் போட்டுத் துடைத்துப் பிசைந்து, ரெண்டு துண்டை வேண்டுமென்றே மிச்சம் வைத்திருந்தேன், அதையும் முள் எடுத்துச் சேர்த்து அவள் கையில் உருட்டி வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது உருண்டைக்குக் கையை மூடிக்கொண்டாள்.

“காரமா இருக்குய்யா. நீ சாப்பிடு. எனக்குக் கொஞ்சம் தண்ணிச்சோறும், ஒரு வெங்காயமும் உரிச்சுக் குடு.”