கடைசி நாள் தள்ளிப்போனால் ஆய்வாளருக்குக் காலம் கூடுமா?

வணக்கம். பல்கலைக்கழக ஆராய்ச்சி மதிப்பீடு பற்றிய நம் உரைகளுக்கு வந்த கேள்விகளில் ஒன்று சில நாள்களாக என் மனத்தைவிட்டு அகலவில்லை. பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பணியில் இருக்கும் நேயர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: “பெருந்தொற்றின்போது மதிப்பீட்டுக்கான கடைசி நாளை நான்கு மாதங்கள் தள்ளிவைத்தார்கள். எங்களுக்குக் கூடுதல் காலம் கிடைத்துவிட்டதாக எல்லோரும் பேசினார்கள். எனக்கு ஒரு நாள்கூடக் கூடியதாகத் தெரியவில்லையே, ஏன்?” அவருக்குத் தோன்றியது சரிதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முந்தைய உரைகளைக் கேட்டவர்களுக்கு ஆர்.இ.எஃப். (Research Excellence Framework, ஆராய்ச்சித் தர மதிப்பீடு) என்ற இந்த ஏற்பாடு புதிதல்ல. 1986-இல் வேறு பெயரில் தொடங்கிய இந்த ஏற்பாட்டின்படி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரிட்டனின் பல்கலைக்கழகங்கள் தம் ஆராய்ச்சியைத் துறைவாரியாக நிபுணர் குழுக்களின் முன் வைக்கின்றன. 2021 சுற்றில் ஆய்வு வெளியீடுகளுக்கு 60 விழுக்காடு, சமூகத்தில் ஆய்வு ஏற்படுத்திய தாக்கத்துக்கு 25, ஆய்வுச் சூழலுக்கு 15 என்று மதிப்பு பிரிக்கப்பட்டிருந்தது. ஆண்டுக்குச் சுமார் 200 கோடி பவுண்டு அரசு நிதி இதன் முடிவை ஒட்டியே பங்கிடப்படுவதால், இதில் ஒரு நாள் மாறினாலும் பல்கலைக்கழகங்கள் பரபரப்பது இயல்பு.

நான் பலமுறை சொல்லிவந்த ஒரு கருத்தை இங்கே மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மதிப்பீட்டுக்கு ஒரே ஒரு காலக்கெடு இருப்பதாக நாம் பேசிக்கொள்கிறோம்; உண்மையில் அதனுள் பல நாள்கள் இருக்கின்றன. யார் யார் பணியில் இருந்தார்கள் என்று கணக்கெடுக்கும் நாள் ஒன்று. எந்த நாள்வரை வெளியான நூல்களும் கட்டுரைகளும் செல்லும் என்பது மற்றொன்று. தாக்கத்தை எதுவரை கணக்கில் கொள்ளலாம் என்பது இன்னொன்று. இவை அனைத்தையும் திரட்டிச் சமர்ப்பிக்க வேண்டிய நாள் இவற்றிலிருந்து வேறானது. செய்தியில் வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகை நாள் மட்டுமே.

2020 மார்ச் 23 அன்று பிரிட்டனில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மறுநாளே, மார்ச் 24 அன்று, மதிப்பீட்டுப் பணிகள் நிறுத்திவைக்கப்பட்டன. பிறகு, 2020 நவம்பர் 27 ஆக இருந்த சமர்ப்பிப்பு நாள் 2021 மார்ச் 31 ஆக மாறியது. ஆனால் பணியாளர் கணக்கெடுப்பு நாள் முன்பு குறித்தபடியே 2020 ஜூலை 31 ஆக நின்றது. வெளியீடுகளுக்கான எல்லையும் 2020 டிசம்பர் 31 என்ற பழைய இடத்திலேயே நின்றது. ஆகவே, நம் நேயர் 2021 பிப்ரவரியில் ஒரு கட்டுரையை முடித்து வெளியிட்டிருந்தால், சமர்ப்பிக்க இன்னும் ஒரு மாதம் இருந்தபோதிலும், பொது விதிப்படி அது அந்தச் சுற்றில் சேராது. படிவங்களை நிரப்புவதற்குக் காலம் நீண்டது. ஆய்வு செய்வதற்கு நீளவில்லை.

இதனால் அந்த ஒத்திவைப்பு வீண் என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவப் பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் மருத்துவமனைகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆய்வகங்களைக் கொரோனாப் பரிசோதனைக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அலுவலகப் பணியாளர்கள் ஒரே வாரத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யப் பழக வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் பல நூறு பக்க ஆவணங்களைத் தயாரிக்கும்படி வற்புறுத்தியிருந்தால் அது மனிதத் தன்மையே இல்லாத செயலாக இருந்திருக்கும். அதனால் அன்றைய முடிவு சரியான முடிவு என்றே கருதுகிறேன். அதன் பயன் பெரும்பாலும் நிர்வாகத்துக்குச் சென்றது என்பது மட்டுமே என் வாதம்.

தாக்கத்துக்கான எல்லையில் மட்டும் ஓர் உண்மையான நீட்டிப்பு இருந்தது. அது 2020 ஜூலை 31-இலிருந்து டிசம்பர் 31 வரை நகர்ந்தது. இந்த ஐந்து மாதங்கள் எவ்வளவு பொருள் உள்ளவை என்பதற்கு ஒரு சான்று போதும்: ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் அஸ்ட்ராஜெனெகா நிறுவனமும் உருவாக்கிய தடுப்பூசிக்கு பிரிட்டனில் ஒப்புதல் கிடைத்தது 2020 டிசம்பர் 30 அன்று, அதாவது புதிய எல்லை முடிவதற்கு முந்தைய நாள். பழைய எல்லையே நீடித்திருந்தால் அந்தக் குளிர்காலத்தின் மிகப் பெரிய ஆய்வுப் பயன்கள் அந்தச் சுற்றின் கணக்குக்கு வெளியே நின்றிருக்கும்.

வெளியீடுகளுக்கும் ஒரு சலுகை இருந்தது. 2020 இறுதிக்குள் வரவேண்டிய ஒரு நூலோ கட்டுரையோ பெருந்தொற்றால் தாமதமானால், அந்தக் காரணத்தைக் குறிப்பிட்டு அதைச் சமர்ப்பிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அது ஏறத்தாழ முடிந்துவிட்ட வேலைக்கான ஏற்பாடு. அச்சகத்தில் நின்ற நூலுக்குச் சலுகை உண்டு. தொடங்கவே முடியாமற்போன ஆய்வுக்கு அதில் இடமில்லை.

இங்கே ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த வரலாற்று ஆய்வாளர் அவர். லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தை நம்பியே ஒரு நூலைத் திட்டமிட்டிருந்தார். 2020 மார்ச்சில் காப்பகம் மூடப்பட்டது. ஜூலையில் திறந்தபோது குறைந்த இருக்கைகள், முன்பதிவு, எடுத்துப் பார்க்கும் கோப்புகளுக்கு வரம்பு என்று பல கட்டுப்பாடுகள். அவர் அந்த மாதங்களில் சும்மா இருக்கவில்லை. இணையவழி வகுப்புகளுக்கான பாடங்களை எழுதினார், மாணவர்களுக்கு ஆறுதல் சொன்னார், பள்ளி மூடியதால் வீட்டிலிருந்த மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். இவற்றில் எதற்கும் வெளியீடுகளுக்கான அந்த 60 விழுக்காட்டில் ஓர் இடம் இல்லை. அதே காலத்தில், கணினியிலேயே வேலை முடிந்துவிடும் துறையிலிருந்த அவருடைய நண்பர், பயணமும் கூட்டங்களும் நின்றதால் வழக்கத்தைவிட அதிகமாக எழுதினார். கடைசி நாள் இருவருக்கும் ஒன்றுதான். இழப்பு ஒன்றாக இல்லை.

இது ஓரிருவரின் கதை மட்டுமல்ல. 2020 ஏப்ரலில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 4,535 ஆய்வுத் தலைவர்களிடம் கேட்டறிந்து வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஆய்வகப் பரிசோதனையை நம்பிய துறைகளில் இருந்தவர்களும், பெண்களும், எல்லோரையும்விடக் குறிப்பாகச் சிறு குழந்தைகள் உள்ளவர்களும் ஆய்வு நேரத்தை அதிகமாக இழந்ததாகக் காட்டியது. பிற காரணங்களைக் கழித்த பிறகும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருப்பது மட்டுமே சுமார் 17 விழுக்காடு நேரக் குறைவோடு இணைந்திருந்தது. மகப்பேறு விடுப்பு எடுத்தவருக்காக துறை காட்ட வேண்டிய வெளியீடுகளின் எண்ணிக்கையில் ஒவ்வொரு விடுப்புக்கும் 0.5 குறைத்துக்கொள்ள விதியில் ஏற்கனவே வழி இருந்தது. விடுப்பு எடுக்காமலே, சமையலறை மேசையில் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் வேலையுமாக இருந்தவருக்கு அப்படி ஆயத்தமான அளவுகோல் எதுவும் முன்பே இருக்கவில்லை.

நம் நேயர் என்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்று நான் விரும்பும் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது: அந்த இழப்பு எந்தச் சுற்றின் கணக்கில் விழுகிறது? 2022 மே 12 அன்று முடிவுகள் வந்தபோது, 157 நிறுவனங்கள் சமர்ப்பித்தவற்றில் 41 விழுக்காடு மிக உயர்ந்த தரத்தைப் பெற்றிருந்தது. பெருந்தொற்றையும் தாண்டிச் சாதித்துவிட்டோம் என்று பலர் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி நியாயமானது; ஆனால் அந்த வெளியீடுகளில் பெரும்பகுதி 2014 முதல் பெருந்தொற்றுக்கு முன்புவரையிலான உழைப்பின் விளைவு. 2020-இல் சேகரிக்க முடியாமற்போன தரவு, செல்ல முடியாமற்போன களப்பணி, ஆய்வகத்தில் வளர்த்து அழிக்க நேர்ந்த உயிரணுக்கள் ஆகியவற்றின் குறை 2022, 2023, 2024-இல்தான் கட்டுரைகள் வராமையாகத் தெரியும். இந்த ஆண்டுகளோ, 2021 ஜனவரி 1-இல் கணக்குத் தொடங்கும் அடுத்த சுற்றுக்கு உரியவை. பெருந்தொற்றுக்கான சலுகைகள் 2021 சுற்றுக்காக வகுக்கப்பட்டன. பெருந்தொற்றின் கனமான விளைவு அடுத்த சுற்றில் வந்து விழுகிறது.

அந்த அடுத்த சுற்று 2028-இல் முடிய வேண்டியது, 2029-க்குத் தள்ளப்பட்டது. நேயர்கள் இதையும் பெருந்தொற்று இழப்புக்கான ஈடாக எண்ணிவிட வேண்டாம். புதிய விதிகளுக்குப் பல்கலைக்கழகங்கள் ஆயத்தமாவதற்காகவே அந்த ஓராண்டு கொடுக்கப்பட்டது. இடையில் ஒப்பந்தம் முடிந்து ஆய்வுலகையே விட்டுச் சென்ற இளம் ஆய்வாளர்களை எந்த ஒத்திவைப்பும் திரும்ப அழைத்து வராது என்பது எனக்குப் பெரும் வருத்தம் தரும் செய்தி.

ஆகவே கேள்வி கேட்ட அன்பருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வகம் எந்த மாதம் மூடியது, எப்போது எத்தனை பேருக்குத் திறந்தது, எந்தக் களப்பணி ரத்தானது, எந்த நிதியுதவி நீட்டிக்கப்படாமல் முடிந்தது ஆகியவற்றை நினைவு மங்குவதற்குள் நாள் குறித்து எழுதி, அன்றைய மின்னஞ்சல்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். துறையின் ஆய்வுச் சூழல் அறிக்கையை எழுதுபவர் பெரும்பாலும் அந்த மாதங்களில் உங்கள் ஆய்வகத்துக்கு வந்திராத ஒருவராகவே இருப்பார். நீங்கள் கொடுக்கும் அந்தக் குறிப்பை வைத்துத்தான் அவரால் எழுத முடியும்.