வலிக்காத கால்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். பதினைந்து வருடச் சர்க்கரை. "காலுல ஏதோ ஈரமா இருக்கு டாக்டர்" என்றார். செருப்பை வாங்கித் திருப்பினேன். அடியில் ஏறிய ஆணி மேல்பக்கம் எட்டிப் பார்த்தது. அதோடு மூன்று நாள் வயலுக்குப் போய் வந்திருக்கிறார். "வலிக்கவே இல்லையே" என்றார் பாருங்கள், அது இன்னும் என் காதில் இருக்கிறது.

வலியைச் சொல்வது நரம்பு. அந்த நரம்புக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் மெல்லிய குழாய்கள், சர்க்கரை வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் கெட்டுப்போகின்றன. நரம்புக்குள் மிஞ்சும் குளுக்கோஸும் சார்பிட்டால் என்ற பொருளாக மாறிச் சேதம் செய்கிறது. இடுப்பிலிருந்து கால்விரல் வரை ஓடுவதுதான் உடம்பிலேயே நீளமான நரம்பு. அதனால் முதல் அடி விரல் நுனிக்கு. மதமதப்பு, ராத்திரி எரிச்சல், பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு. அப்புறம் ஒருநாள் எரிச்சல் நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். உணர்வே செத்துப்போயிருக்கலாம் என்பதுதான் என் பயம்.

1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி உதிர்வதாக ஊரே நம்பிய காலம் அது. வலி தெரியாமல் பட்ட காயங்கள்தான் விரல்களைத் தின்றன என்று அவர் காட்டினார். பிறகு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணுக்கும் அதே பாடத்தைப் பயன்படுத்தினார். நம் வேலூரில் கற்ற பாடம்!

சரி, வைத்தியம்? ப்ரீகாபலின், டுலாக்செடின் மாத்திரைகள் எரிச்சலைக் குறைக்கும். செத்த நரம்பை எழுப்பாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான் மிச்சத்தைக் காப்பாற்றும். உடம்பில் இன்சுலின் சுரக்காத டைப் 1 நோயாளிகளிடம் நடந்து 1993இல் வெளியான டிசிசிடி ஆய்வில், கடுமையான கட்டுப்பாடு நரம்புப் பாதிப்பைச் சுமார் 60 சதவீதம் குறைத்தது. பெரும்பாலோருக்கு வரும் டைப் 2வில் பலன் அவ்வளவு பெரிதில்லை, ஆனாலும் விட்டுவிட முடியாது. இன்னொன்று: பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். அது குறைந்தாலும் இதே மதமதப்பு வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வெந்நீரில் காலை வைக்குமுன் வீட்டில் யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரம் சுற்றி, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வந்த அம்மாக்களை வருடாவருடம் பார்க்கிறேன். சாமி கோபிக்காது, சாயங்காலம் போங்கள். தினமும் படுக்கப் போகுமுன் தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்.

அதோ, அந்த மேசையில், காலில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழை வைத்திருக்கிறேன். 10 கிராம் அழுத்தத்தில் வளையும். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக வாருங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் தொடும்போது சொல்லுங்கள்.