டேபிளுக்கு அடியில் ஒரு கோப்பு

வணக்கம் நேயர்களே. டேட்டாபேஸ் படிக்க வரும் மாணவர்களில் பலர் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லில் நேரே இறங்கிவிடுகிறார்கள். தரவு வட்டில் எப்படி அடுக்கப்படுகிறது என்று சொல்லும் கோப்பு அமைப்புப் பாடத்தைத் தேர்வுக்கு முந்தைய இரவு புரட்டிப் பார்ப்பதோடு சரி. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

ஒரு கணக்குப் போடுவோம். 80 லட்சம் மாணவர்களின் விவரம் ஒரு டேபிளில் இருக்கிறது. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் அதை வழக்கமாக 8 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து வைக்கும். பக்கத்துக்கு 80 பேர் என்றால் மொத்தம் 1 லட்சம் பக்கங்கள். வந்த வரிசையில் அப்படியே சேர்த்த கோப்பில் ஒரு பதிவெண்ணைத் தேடினால், அத்தனை பக்கங்களையும் வாசிக்க வேண்டி வரலாம்.

சரி, பதிவெண்ணுக்கு ஒரு பி-ட்ரீ இன்டெக்ஸ் போடுகிறோம். அதாவது, எந்தப் பதிவெண் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும், மரம்போல் கிளை பிரியும் ஒரு பட்டியல். ஒவ்வொரு இன்டெக்ஸ் பக்கத்திலிருந்தும் 200 கிளைகள் பிரிந்தால், இரண்டாம் மட்டத்தில் 40 ஆயிரம், மூன்றாம் மட்டத்தில் 80 லட்சம். மூன்று இன்டெக்ஸ் பக்கம், அப்புறம் விவரம் இருக்கும் பக்கம் ஒன்று. நான்கே வாசிப்பில் ஆள் கிடைத்துவிடுவார்! ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது 1970-ஐ ஒட்டி உருவாக்கிய அமைப்பு இது. இன்றும் இதை மிஞ்சுவது கடினம். மதிப்பை ஒரு கணக்கில் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கும் ஹாஷ் முறையும் வேகமானதுதான், ஆனால் 400-க்கு மேல் மதிப்பெண் எடுத்தவர்கள் யார் யார் என்று கேட்டால் அது கைகொடுக்காது. அதில் வரிசை கிடையாது.

அதே 1970-ல் ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், தரவைப் பயன்படுத்துபவர் அது உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்திருக்கத் தேவையில்லை என்றார். அதுவரை கோப்பின் அடுக்கை மாற்றினால் அதை நம்பி எழுதிய புரோகிராம்களையும் திருத்த வேண்டியிருந்தது. காட் தந்தது பெரிய விடுதலை. ஆனால் அது கேள்வி கேட்பவருக்கு. டேபிளை வடிவமைக்கப் போகிற உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இலவசமாகக் கிடைக்கும் எஸ்.க்யூ.லைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் சில லட்சம் வரிகள் கொண்ட டேபிள் ஒன்றைச் செய்யுங்கள். தேடல் கட்டளைக்கு முன்னால் 'எக்ஸ்பிளெய்ன் குவெரி பிளான்' என்று சேர்த்துக் கேளுங்கள். 'ஸ்கேன்' என்று பதில் வரும், அதாவது டேபிள் முழுவதையும் வாசிக்கப் போகிறது. இன்டெக்ஸ் போட்டுவிட்டு மறுபடி கேட்டால் அது 'சர்ச்' என்று மாறும், அதாவது இன்டெக்ஸ் வழியாகத் தேடப் போகிறது. அதற்காக டேபிளின் எல்லா நெடுவரிசைக்கும் இன்டெக்ஸ் போட்டுவிடாதீர்கள். புதிதாக ஒரு வரி சேரும்போதெல்லாம் அத்தனை இன்டெக்ஸிலும் எழுத வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும் அதே டேபிளில் அளந்து பாருங்கள். வணக்கம்.