தமிழ் 'ஜே கே பி ஓ' ஆன கதை

நேயர்களுக்கு வணக்கம்.

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழாசிரியர். ஒன்பதாம் வகுப்பில் எனக்கொரு மாணவி, பார்வை கிடையாது. அவளுக்காக ராத்திரி உட்கார்ந்து பாடக்குறிப்பை டைப் செய்து, பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள், "சாரே, நீங்க அனுப்பினது எந்தப் பாஷை?" என்று போனை நீட்டினாள். போனிலேயே இருக்கும் டாக்பேக், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள், தலைப்பை வாசித்தது: "ஜே கே பி ஓ." நான் அடித்திருந்த சொல் 'தமிழ்'.

வினை, பாமினி எழுத்துருவில் இருந்தது. அந்தப் பழைய எழுத்துருவில் கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துதான். அதற்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவே. பார்க்கிற நமக்கு 'த'. வாசிக்கிற மென்பொருளுக்கு 'ஜே'. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அடித்தால் 'த' உள்ளேயும் 'த'தான். நம் அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. என் கைதான் பாமினியை விடவில்லை!

பழைய கோப்புகளைத் தூக்கிப்போட வேண்டாம். யூனிகோடுக்கு மாற்றித்தரும் எழுத்துருமாற்றிகள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. புதிதாக எழுத, போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை போதும். 2017 முதல் தமிழில் சொல்லச் சொல்ல எழுதுகிறது. என்ன, நம்ம ஊர்ப் பேச்சு அதற்குப் பாதிதான் பிடிபடும். பையச் சொல்ல வேண்டும்.

புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புகிறோமே, அதுவும் அவளுக்கு வெறும் படம்தான். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் எழுத்துகள் தனியே வரும். துணைக்காலையும் 'ர'வையும் மாற்றிப் போட்டுவிடும், ஒருதரம் வாசித்துத் திருத்துங்கள். கணினியில் படிப்பவர்களுக்கு திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச மென்பொருள் உண்டு. பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் சேர்ந்து செய்தது, 2006-ல் வந்தது.

படங்களுக்கு எழுத்தில் விளக்கம் சேர்க்க வேண்டும். 'வள்ளுவர் சிலை' என்று போட்டால் போதாது. கடல் நடுவே பாறை, அதன்மேல் 38 அடி பீடம், பீடத்தின்மேல் 95 அடிச் சிலை என்று எழுதினால், அறத்துப்பாலின் 38 அதிகாரமும் மற்ற இரு பாலின் 95 அதிகாரமும் அவள் மனசில் அங்கேயே நிற்கும். வானொலியில் நான் இப்போது செய்வதும் இதுதானே.

யூனிகோடில் போன குறிப்பு அவளோடு நிற்கவில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பையன் அதைக் காதில் கேட்டுக்கொண்டே கண்ணால் தொடர்கிறான். பேச்சிப்பாறைக்கு மேலே மலையிலிருந்து வரும் பிள்ளைக்கு வீட்டில் டவர் கிடைக்காது. பள்ளியிலேயே இறக்கிக்கொண்டு போகிறாள். படமாக அனுப்பினால் எம்பி கணக்கில் வரும், எழுத்தாகப் போனால் சில கேபிதான். காது மந்தமான மாணவனின் மேசையில் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலியைத் திறந்த போனை வைக்கிறேன். நான் பேசுவது எழுத்தாக ஓடும். கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் அது கோட்டைவிடும், அதனால் நானும் திரும்புவதை நிறுத்திவிட்டேன்.

திருத்திய குறிப்பை அந்தப் பெண்ணுக்கு அனுப்பி, எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "நல்லா கேக்கு சாரே. ஆனா அந்த டாக்பேக் அக்கா மூச்சே விடாம வாசிக்கா."

முற்றுப்புள்ளி வைக்காமல் அடித்தது நான்தான்.

வணக்கம்.