கிரீன்விச்: ஊர்ப்பெயர் நேரமான கதை

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் கிரீன்விச் என்றுதான் படித்தோம். லண்டனில் போய்க் கேட்டால் அந்த ஊரின் பெயர் கிரெனிச். எழுத்தில் இருக்கும் டபிள்யூ வாயில் வராது. நாரிச், ஹாரிச் என்ற ஊர்களிலும் இதே கதைதான். ஆனால் இப்ஸ்விச், சாண்ட்விச் என்று வரும்போது 'விச்' முழுதாக ஒலிக்கும். ஆமாம், சாண்ட்விச்சும் ஓர் ஊர்தான், கெண்ட் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பட்டம் தாங்கிய ஒரு பிரபுவால்தான் ரொட்டிக்கு அந்தப் பெயர் வந்தது.

சரி, 'விச்' என்றால் என்ன? பழைய ஆங்கிலத்தில் 'விக்', அதற்கும் முன்னால் லத்தீனில் 'வீக்கஸ்'. குடியிருப்பு, பண்ணை, சந்தை, துறை என்று இடத்துக்கு இடம் பொருள் மாறும். தேம்ஸ் ஆற்றங்கரையில் இருப்பதால் கிரீன்விச்சுக்குப் 'பச்சைத்துறை' என்று பொருள் சொல்கிறார்கள். 'பசுந்துறை' என்றால் நமக்கு இன்னும் இதமாக இருக்கும்.

அந்தத் துறைக்கு மேலே ஒரு குன்று. அதில் 1675இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் வானாய்வகம் அமைத்தார். மாலுமிகளின் வரைபடங்கள் அந்த இடத்தையே பூஜ்ய தீர்க்கரேகையாக வைத்து வளர்ந்தன. அதனால் உலகம் முழுதும் இடத்தையும் நேரத்தையும் கணக்கிட ஒரே பூஜ்யக் கோட்டைத் தேர்ந்தெடுக்க 1884இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடியபோது, 22 நாடுகள் கிரீன்விச்சுக்கே வாக்களித்தன. நம் ஊரில் ரயில்கள் மெட்ராஸ் நேரப்படி ஓடிக்கொண்டிருந்தன. 1906இல்தான் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய இந்திய நேரம் வந்தது.

பிரான்ஸ் செய்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வாஷிங்டனில் அது வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. பாரிஸ் நேரத்தைப் பல ஆண்டுகள் விடவில்லை. கடைசியில் 1911இல் ஒரு சட்டம் போட்டார்கள்: பிரான்சின் நேரம் என்பது, பாரிஸ் சராசரி நேரத்தில் 9 நிமிடம் 21 வினாடி குறைத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அது அச்சு அசலாகக் கிரீன்விச் நேரம்! கணவர் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் நம் பாட்டிமார் 'இவளோட அப்பா' என்று சுற்றி வளைப்பார்களே, அதே சாமர்த்தியம். நேரத்தை எடுத்துக்கொண்டார்கள், பெயரை மட்டும் எழுதவில்லை. 1978இல் உலகப் பொது நேரத்துக்கு மாறும் வரை பிரான்சின் சட்டம் அப்படியேதான் இருந்தது.

நன்றி, வணக்கம்.