அழிக்கும் கருவிக்கு என்ன எழுதி வைக்கிறோம்?

நேயர்களுக்கு வணக்கம். நம் மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் இருப்பதால், ஏஐ முகவர் என்ற பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், நாம் கொடுத்து வைத்த மென்பொருள் கருவிகளை எடுத்து வேலையையும் முடித்துத் தருவதுதான் முகவர். அந்தக் கருவிகளில் சில, தகவலை அழிக்கக்கூடியவை. அவற்றுக்கு விளக்கம் எழுதுவது பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கருவிக்குள் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் முகவருக்குத் தெரியாது. கருவியின் பெயர், நாலு வரி விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான் அதன் கண்ணில் படும்.

தைப்பூசக் காவடிக்கு ஒரு கோவில் கணினியில் பெயர் பதிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பெயர் இரண்டு முறை ஏறிவிட்டது. அலுவலகத்தில் இருப்பவர் முகவரிடம், "பட்டியலைக் கொஞ்சம் சரி பண்ணு" என்கிறார். முகவரின் கையில் 'பட்டியல் சுத்தம்' என்று ஒரு கருவி இருக்கிறது. அதன் விளக்கம், "பழைய பதிவுகளைச் சுத்தம் செய்யும்." பழையது என்றால் போன வருடத்ததா, நேற்றையதா? சுத்தம் என்றால் மறைத்து வைப்பதா, ஒரேயடியாக அழிப்பதா? எழுதியவர் மனதில் பதில் இருக்கும், விளக்கத்தில் இல்லை.

இதைவிட வில்லங்கம் 'ஆண்டு' என்ற கட்டம். அதைக் காலியாக விட்டால் எல்லா ஆண்டும் என்று எடுத்துக்கொள்ளும்படி நிரல் எழுதுவது வழக்கம். தேடும் கருவியில் அது வசதி. அழிக்கும் கருவியில் அதே வசதி ஊரையே துடைத்துவிடும். தரவுத்தளத்துக்குக் கட்டளை எழுதும் எஸ்கியூஎல் மொழி தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல: நிபந்தனை போடாத டெலீட் கட்டளைக்குப் பிறகு அட்டவணையில் ஒரு வரிகூட மிஞ்சாது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "கொடுக்கப்பட்ட ஆண்டின் காவடிப் பதிவுகள் அனைத்தையும் நிரந்தரமாக அழிக்கும். திரும்ப எடுக்க முடியாது. ஆண்டு காலியாக இருந்தால் இயங்காது. ஒரு பெயரை மட்டும் எடுக்க 'பதிவு ரத்து' கருவியைப் பயன்படுத்தவும்." எது போகும் என்பது முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. அந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். மாற்று வழி தெரியாத முகவர் கையில் கிடைத்ததைத்தான் எடுக்கும். கருவியின் பெயரையும் 'ஆண்டுப் பதிவுகளை அழி' என்று மாற்றிவிடுவேன். 'சுத்தம்' மாதிரி இனிப்பான பெயர் இங்கே ஆகாது.

நம் தீவில் கரும்பை வெட்டுவதற்கும் தூரோடு பிடுங்குவதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அழிப்பிலும் இந்த இரண்டு வகை உண்டு. எந்த வகை என்பதைச் சொல்லாத விளக்கம் அரை விளக்கம்தான். 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவோர் ஒருவரின் தரவுத்தளத்தை, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், ஒரு முகவர் அழித்துவிட்டது. மீட்க முடியாது என்று வேறு சொன்னது. ஆனால் மீட்க முடிந்தது!

அந்தச் சம்பவத்தில் இன்னொன்றும் தெரிகிறது. எழுத்து பூட்டு ஆகாது. முகவர்களையும் கருவிகளையும் இணைப்பதற்காக 2024 நவம்பரில் வந்த எம்சிபி என்ற பொது நெறிமுறையில், அழிக்கக்கூடிய கருவி என்று அடையாளம் வைக்க இப்போது இடம் இருக்கிறது. எதையும் குறிப்பிடாமல் விட்டால் அழிக்கும் கருவி என்றே கொள்ளப்படும், நல்ல ஏற்பாடு. ஆனால் அதுவும் வெறும் குறிப்புதான் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. 'உறுதியா: ஆம்' என்று ஒரு கட்டம் வைத்தாலும், அந்த 'ஆம்' முகவரே நிரப்பிக்கொள்ளக்கூடியது. மனிதர் ஒருவர் அனுமதி கொடுத்தால்தான் நடக்கும் என்பதை நிரலில் வைக்க வேண்டும்.

அப்புறம், எல்லாக் கருவிக்கும் "எச்சரிக்கை! ஆபத்து!" என்று எழுதி வைப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாமே ஆபத்து என்றால், நிஜமாகவே ஆபத்தானதை எப்படிப் பிரித்தறிவது?

எழுதி முடித்ததும், கணினி வேலை தெரியாத கோவில் தொண்டர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். இதை இயக்கினால் என்ன போகும் என்று கேளுங்கள். அவர் பதிலுக்கு, "போன வருடப் பெயர்களும் போய்விடுமா?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்கான பதிலை விளக்கத்தில் சேர்த்துவிட்டு, அடுத்த ஆளிடம் கொடுங்கள். வணக்கம்.